புது வெள்ளை அடித்த ஊர்

அத்தியாயம் மூன்று

பஸ் அவர்களை இறக்கிவிட்டு, அங்கே நிற்கப் பிடிக்காதது போல உடனே திரும்பிப் போனது. தூறிக்கொண்டிருந்தது.

மோப்பம் குடையை விரித்துத் தாழ்த்திப் பிடித்தான். அந்தத் தூறலுக்கு அவ்வளவு தாழ்த்த வேண்டியதில்லை. காணாமல் போனவர்களைத் தேடிப் பிடிக்கிறவன் என்பதால் நகரத்துக் காவல் நிலையங்களில் அவனுக்கு அந்தப் பெயர். பின்னால் இறங்கியவள் அவனுடைய உதவியாளர் குண்டூசி. ஆள் ஒல்லி. வாய் இன்னும் கூர்.

"பார்ட்டி யாருன்னு இப்பவாவது சொல்லுங்க பாஸ். பஸ்ல கேட்டா தூங்குற மாதிரி நடிச்சீங்க."

"ஒரு அம்மா. புருஷன் காளவாய்ல வேலை பார்த்தவர். காணோம். எவளோடயோ ஓடிப்போயிட்டார்னு ஊர் சொல்லுது. அந்தம்மா நம்பல."

"எந்தப் பொண்டாட்டி நம்பியிருக்கா?"

மோப்பம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தெருவின் கோடியில் சுண்ணாம்புக் காளவாய்கள் புகைந்துகொண்டிருந்தன. கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி மேலே கொட்டி, வெந்த சுண்ணாம்பைக் கீழ்வாய் வழியே இழுக்கிற உயரமான செங்கல் கூடுகள். இரண்டு பக்கமும் தொழிலாளர் வீடுகள், கண்ணுக்குத் தெரிந்தவரை எல்லாமே புதுசாக வெள்ளை அடித்தவை. எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. ஆணும் பெண்ணும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புகள்கூடத் தெருவுக்கு வந்துவிட்டன. ஒருத்தி ஒரு கையால் குடை பிடித்து, மறு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பாஸ், இந்த ஊர்ல மழை வீட்டுக்குள்ளதான் பெய்யுமா?"

"நட."

"யாராவது நம்மளப் பார்க்குறாங்களா பாருங்க. புது ஆளு வந்தா மாடுகூட திரும்பிப் பார்க்கும்."

ஒருத்தரும் தலை நிமிரவில்லை. எல்லோரும் தங்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடைக்காரரும் தன் கடைக்கு வெளியேதான் நின்றிருந்தார். அடுப்பையும் பாய்லரையும் தெருவுக்கு இழுத்துப் போட்டு, மேலே ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தார். கடைக்குள் பெஞ்சு காலியாகக் கிடந்தது. குண்டூசி டீயை வாங்கிக்கொண்டு கடைச் சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

"சாயாதம்மா! சாயாத!"

டீக்கடைக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் பாதி டீ தரையில் கொட்டியது. சுடிதாருக்கு மேல் அவள் போட்டிருந்த கருநீல மேல்சட்டையின் முதுகு முழுக்க வெள்ளை அப்பியிருந்தது.

"புது வெள்ளைன்னா ஒரு அட்டையில எழுதி மாட்டக்கூடாதாண்ணே?" என்று அதைத் தட்டக் கையை ஓங்கினாள். அவர் ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பெண்பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறோம் என்பது உறைத்து, விட்டுவிட்டார்.

"தட்டாதம்மா. இருக்கட்டும்." குரல் தரையோடு போயிற்று. பேச்சை மாற்றுகிறவர் போல மோப்பத்தின் பக்கம் திரும்பினார். "சாருக்கு எந்த ஊரு?"

"நகரம்."

"பிறந்ததே நகரம்தானா?"

"ஆமா."

டீக்கடைக்காரர் குடைக்கு அடியில் தெரிந்த அந்த முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். "சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மோப்பம் டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

தெருவில் மேலே நடந்தபோது வினோதமாக ஒன்று நடந்தது. குண்டூசி கடந்து போகப் போக, ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவள் முகத்துக்கு இல்லை, முதுகுக்கு. ஒரு கிழவர் தலையிலிருந்த சாக்கை எடுத்துவிட்டு மழையில் வெறுந்தலையோடு நின்றார்.

"எனக்கு இவ்வளவு மரியாதையா பாஸ்? அதுவும் பின்பக்கமா?"

மோப்பம் சிரிக்கவில்லை. அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கடைசி வீட்டுக்கு வெள்ளை அடிக்கவில்லை. பூசாத செங்கல், இடுக்குகளில் பாசி. ஊரிலேயே உள்ளே ஆள் இருந்த ஒரே வீடு அதுதான். கதவைத் தட்டியதும் ஒரு பெண் வந்து திறந்தாள். கூடை சுமந்து ஒரு பக்கமாக இறங்கிப்போன தோள். தூங்காத கண்.

"வந்துட்டியா தம்பி."

குண்டூசி திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"பாஸ், பார்ட்டி உங்களத்தான் தம்பிங்கறாங்க."

"அக்கா" என்றான் மோப்பம். காது மடல் சிவந்துவிட்டது.

"எல்லாருக்கும் அக்காவா, உங்களுக்கு அக்காவா?"

"கூடப் பிறந்த அக்கா" என்று அவளே பதில் சொன்னாள். "கை கழுவிட்டு உட்காருங்க. சாதம் இருக்கு."

சொம்பில் தண்ணீர் வந்தது. மோப்பம் அதைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து மூன்று நான்கு தடவை தட்டினான். புறங்கையை வேட்டியில் துடைப்பது போல காற்சட்டையில் துடைத்தான். பிறகுதான் கழுவினான். அடுத்து அக்காவும் அதையே செய்தாள், அதே தாளத்தில்.

குண்டூசி இருவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆபீஸ்ல நீங்க இப்படித் தட்டும்போதெல்லாம், பெரிய இடத்துப் பழக்கம் போலன்னு நெனச்சேன் பாஸ்."

"சுட்ட சுண்ணாம்பு கையில இருக்கும்போது தண்ணி பட்டா தோல் வெந்துடும்மா" என்றாள் அக்கா. "எங்க ஊர்ல பிறந்தது எதுவும் தட்டாம கழுவாது. ஏன், இவன் சொல்லலையா?"

"உங்க அப்பா பெரிய அதிகாரின்னு சொன்னார்."

"மேஸ்திரி" என்றாள் அக்கா. "காளவாய் மேஸ்திரி."

மோப்பம் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகரத்துக்குப் படிக்கப் போன முதல் வருடம், எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் காது மடிப்பிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். வகுப்பில் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காருவார்கள், அவன் எழுந்த இடத்தை. அதற்குப் பிறகு அவன் ஊரைப் பற்றிப் பேசியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்கு வருவதையும் விட்டான். அக்காவின் கல்யாணத்துக்கு வந்ததோடு சரி.

"மாமா என்னிக்குப் போனார்?" என்று தொழிலுக்குத் திரும்பினான்.

"போன மாசம். வழக்கம்போல வேலைக்குப் போனார். சாயங்காலம் அப்பா வந்து, 'உன் புருஷன் ஒருத்தியோட பஸ் ஏறிப் போயிட்டான், கண்ணால பார்த்தேன்'னார். அப்பா சொன்னா நான் எப்படி நம்பாம இருப்பேன்? அவரோட நல்ல சட்டை ஒண்ணு ஆணியில தொங்குச்சு. எடுத்து அடுப்புல போட்டேன். நாசமாப் போகணும்னு தினமும் காலைல எழுந்ததும் சொல்லுவேன்."

"ஒரு நிமிஷங்க்கா" என்றாள் குண்டூசி. "புதுசா ஒருத்தியோட ஓடுறவரு நல்ல சட்டையை விட்டுட்டு, காளவாய் அழுக்குச் சட்டையோடயா ஓடினார்? அவளுக்கு மூக்கு கிடையாதா?"

அக்கா தரையைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கும் வந்திருக்கிறது. சட்டை சாம்பலான பிறகு வந்திருக்கிறது.

"அப்போ நம்பினே. எப்ப சந்தேகம் வந்துச்சுக்கா?" என்று கேட்டான் மோப்பம்.

"யாரும் என்னை ஏசலடா."

"என்னது?"

"புருஷன் ஓடிப்போனவள நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி பேச வேணாமா? நான் அதுக்குத் தயாரா இருந்தேன். ஒருத்தி பேசல. எதிர்வீட்டுக்காரி வாய் உனக்குத் தெரியும்ல? அவ என்னைப் பார்த்தா அழுறா. தண்ணிக் குழாய்ல என் குடத்தை முதல்ல வைக்கச் சொல்றாங்க. ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு இந்த மரியாதை கிடையாதுடா. இது எழவு வீட்டு மரியாதை."

குண்டூசி மெல்ல விசிலடித்தாள். "பாஸ், இவங்களை நம்ம ஆபீஸ்ல சேர்த்துக்கலாம்."

"ஆனா ஒண்ணுல மட்டும் தள்ளி வெச்சுட்டாங்க" என்று அக்கா தொடர்ந்தாள். "ஊரே சேர்ந்து வெள்ளை அடிச்சது. எங்க வீட்டுக்கு மட்டும் ஒரு வாளி வரல. நான் கேட்கவும் இல்ல. எந்த முகத்தோட கேட்பேன்?"

மோப்பம் எழுந்துவிட்டான். சாதத்தில் கை வைக்கவில்லை.

வெளியே வந்ததும் குண்டூசி ஓட்டமும் நடையுமாகக் கூட வந்தாள். "என்ன பாஸ் மோப்பம் பிடிச்சீங்க?"

"இந்த ஊர்ல யாரும் வீட்டுக்கு வெள்ளை அடிக்க மாட்டாங்க."

"கண்ணு முன்னாடி ஊரே பல்லு விளக்கின மாதிரி இருக்கே!"

"அதான் சொல்றேன். நாள் பூரா அதைச் சுமந்து, அதை மூச்சுல இழுத்து, அதையே துப்புறவன் வீட்டுக்கு வந்தா வேற நிறம் தேடுவான். நான் பார்க்கும்போது பச்சை வீடு, நீல வீடு, மஞ்சள் வீடு. காசில்லாதவன் செங்கல்லை அப்படியே விட்டுடுவான். வெள்ளை மட்டும் கிடையாது. அதுவும் மழை மாசத்துல! ஈரத்துல சுண்ணாம்பு பிடிக்காதுன்னு இவங்களுக்கா தெரியாது? இறங்கினதுமே எனக்கு உறுத்துச்சு."

"அப்புறம் ஏன் அப்பவே சொல்லல?"

மோப்பம் நடையைக் குறைக்கவில்லை. சொல்லியிருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருப்பாள்.

அவளும் அதைப் புரிந்துகொண்டாள். ஏனோ கிண்டல் செய்யவில்லை. "காளவாய் முதலாளி ஓசியில கொடுத்திருப்பாரோ?" என்றாள்.

"அவர் ஓசியில இருமக்கூட விடமாட்டார். ஊரை மிரட்டி வாயை அடைச்சிருக்கார். என்னத்துக்குன்னுதான் தெரியணும்."

மேஸ்திரியின் வீடும் வெள்ளையாக இருந்தது. மோப்பம் பிறந்தபோது அது நீலம். முற்றத்தில் கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். தலையில் சாக்கு. காலில் டயர்ச் செருப்பு. ஒரு காலத்தில் இரண்டு ஆள் தூக்குகிற கல்லை ஒற்றையாகப் புரட்டிய கைகள், முழங்கால் மேல் சும்மா கிடந்து நடுங்கின.

"அப்பா."

அவர் நிமிரவில்லை. "சாப்பிட்டியா?"

"நனையறீங்களே. உள்ள போய்ப் பேசலாம் வாங்க."

"இங்கயே பேசு."

"மாமா எங்கப்பா?"

"அதான் உங்கக்கா சொல்லியிருப்பாளே. ஓடிட்டான்."

"எந்தப் பஸ்ல?"

"பஸ்ல என்ன எந்தப் பஸ்? ஊருக்கு வர்றது ஒரே பஸ்தான்."

மோப்பம் குடையை மடக்கினான். கோட்டைக் கழற்றினான். "சரி. நான் ரெண்டு நாள் தங்கப் போறேன். சுவத்துல ஒரு ஆணி அடிச்சு இதை மாட்டிக்கறேன். சுத்தியல் எங்க இருக்கு?" வீட்டுக்குள் ஒரு காலை வைத்தான்.

"ஆணி அடிக்காதடா!"

கூடை உருண்டது. எழுந்து நிற்கவே சிரமப்படுகிற மனிதர் வாசலுக்குப் பாய்ந்து வந்து மகனுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விரித்து நின்றார். உள்ளங்கை சுவரில் படாமல் பார்த்துக்கொண்டார்.

"ஏன்பா?" என்றான் மோப்பம், மெதுவாக. "வலிக்குமா?"

மேஸ்திரியின் முகம் உடைந்தது. அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

குண்டூசி அசையாமல் நின்றாள். கை தன்னையறியாமல் முதுகுப் பக்கம் போய், சட்டையைத் தொடுவதற்குள் பாதியில் நின்றது.

"எந்தக் காளவாய்ச் சுண்ணாம்பு இது?"

"கடைசிக் காளவாய்." கிழவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை உள்ள விழுந்துட்டார்டா."

மோப்பம் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மேல கல்லைச் சமன் பண்ண ஏறினார். அடியில கரி எரிஞ்சு பொந்து விழுந்திருந்தது. மேல பார்த்தா தரை மாதிரி கெட்டியா இருக்கும். கால வெச்சதும் மொத்தமா இறங்கிடுச்சு. கயிறு எடுத்துட்டு ஓடறதுக்குள்ள ஒண்ணும் இல்ல. நெருப்பை அணைக்க மூணு நாள் ஆகும். என்னத்த அணைச்சு, என்னத்த எடுக்கறது?"

கிழவரே தொடர்ந்தார். "வெந்து முடிஞ்சு கீழ்வாய்ல இழுத்தோம். எல்லாம் ஒரே வெள்ளை. இதுல எது அவர், எது கல்லு? விக்க மனசு வரல. குழியில கொட்டினா லாரி ஏறும். ஆளுக்கு ஒரு வாளி எடுத்துக்கிட்டோம். வீட்டோட வெச்சுக்கலாம்னுதான் அடிச்சோம். அடிச்சப்புறம் எவனாலயும் உள்ள படுக்க முடியல."

"முதலாளி மிரட்டினாரா? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு?"

"முதலாளிக்கே தெரியாதுடா. கல்லு சரியா வேகல, கழிவுன்னு சொல்லிட்டோம். மாப்பிள்ளை ஓடிட்டான்னு அவருக்கும் நான்தான் சொன்னேன்."

மோப்பம் வழியெல்லாம் மனசுக்குள் ஒருத்தருக்கு விலங்கு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அந்த விலங்கு இப்போது காலியாகத் தொங்கியது.

"ஏன்பா? விபத்துதானே? விபத்துன்னு சொன்னா என்ன?"

மேஸ்திரி தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். நடுக்கத்தை நிறுத்த முயன்றார். நிற்கவில்லை.

"ஆள் ஏறுறதுக்கு முன்னால மேஸ்திரி நீளக் கம்பியைக் குத்திப் பார்க்கணும். கம்பி சட்டுனு இறங்கினா அடியில பொந்து இருக்குன்னு அர்த்தம். அந்தக் கம்பியை என்னால இப்பத் தூக்க முடியலடா. ரொம்ப நாளாவே முடியல. தூக்க முடியலன்னு சின்னப் பசங்க முன்னாடி எப்படிச் சொல்வேன்? யாரும் இல்லாத நேரமாப் பார்த்து மேல போய் நின்னுட்டு இறங்கிடுவேன். அன்னிக்கு மாப்பிள்ளை கேட்டார். 'மாமா, குத்திப் பார்த்தாச்சா?' 'பார்த்தாச்சு, ஏறு'ன்னேன்."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். என் கை நடுங்குறது ஊருக்கே தெரியும்டா. எனக்கு வெக்கமா இருக்கும்னு ஒருத்தனும் சொல்லல. என் கையால வேலைக்குச் சேர்ந்த பசங்க. ஓடிட்டான்னு நான் சொன்னதும் அவங்களும் சொன்னாங்க."

குண்டூசி மேல்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பாஸ்... இதைத் தட்டலாமா, கூடாதா?"

அப்போதுதான் முற்றத்து வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பதைப் பார்த்தார்கள். தலை நனைந்து ஒட்டிக் கிடந்தது. வந்து நேரம் ஆகியிருக்க வேண்டும்.

அவள் உள்ளே வந்தாள். குண்டூசியின் கையிலிருந்த சட்டையை வாங்கினாள். வெள்ளை உள்பக்கம் வருமாறு மடித்தாள். மடிப்பை நீவிவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார்.

"தினமும் சபிச்சேன்பா" என்றாள். "காலைல எழுந்ததும் முதல் வேலையா அவரைச் சபிச்சேன். நீ என் வாசல்ல வந்து உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தே."

"அம்மாடி..."

"கேட்டுட்டு இருந்தே."

மோப்பம் போனை எடுத்தான். கை ஈரத்தில் வழுக்கியது. "அக்கா, நான் போலீஸுக்குச் சொல்லியாகணும்."

"சொல்லு. அவங்க வர்ற வரைக்கும் நேரம் இருக்குல்ல? அதுக்குள்ள ஊருக்குச் சொல்லணும்."

"ஊருக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சா போதுமா? ஓடிப்போனான்னு ஊர் வாய் சொல்லுச்சு. ஓடிப்போகலன்னும் ஊர் காது கேட்கட்டும்." குனிந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "எழுந்திரு."

கிழவர் எழுந்தார். அவள் அவரைத் தெருவுக்கு நடத்திக்கொண்டு போனாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற மாதிரிதான் இருந்தது. முதல் வீட்டு வாசலில் நிறுத்தினாள். அங்கே உட்கார்ந்திருந்த புருஷனும் பொண்டாட்டியும் சாக்கை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

"சொல்லு."

"என் மாப்பிள்ளை ஓடிப்போகல" என்றார் மேஸ்திரி. "நான் குத்திப் பார்க்காம ஏத்திவிட்டேன். செத்துட்டார்."

அடுத்த வாசல். அதற்கடுத்த வாசல். தெரு முழுக்க ஆட்கள் எழுந்து நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மேஸ்திரியின் குரல் ஒவ்வொரு வாசலுக்கும் தேய்ந்துகொண்டே போயிற்று. டீக்கடைக்கு முன்னால் வந்தபோது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

மோப்பத்தால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் அப்பாவின் பக்கத்தில் நின்றான். "நான் சொல்றேன்க்கா. அவரால முடியல. அவருக்குப் பதிலா நான் சொல்றேன்."

தெருவுக்கு வந்த பிறகு அக்கா முதல் தடவையாக அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை.

"நீ எதுக்கு? இந்தக் கடையில நகரம்னு சொன்னியாமே. பிறந்ததே அங்கதான்னு."

டீக்கடைக்காரர் அவசரமாகக் கண்ணாடி டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இது இந்த ஊர்க்காரங்க சொல்ல வேண்டியது" என்றாள் அக்கா. "நீ தள்ளி நில்லு."

மோப்பம் தள்ளி நின்றான். குண்டூசி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

அக்கா அப்பாவின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கேட்கலப்பா. சத்தமா."